கல் நிற்கட்டும், பொய் வீழட்டும்!

பேராலயத்தைக் காணச் செல்கிறான் பகுத்தறிவாளன். கைகூப்பித் தொழவா? இல்லை. கண்டித்துவிட்டுத் திரும்பவா? அதுவும் இல்லை. பின் எதற்கு?

"கடவுள் இல்லை என்பவனுக்குக் கோபுரத்தின் நிழலிலே என்ன வேலை?" என்று கேலி பேசுவர் ஒருசாரார். "பழைமையின் கோட்டைக்குள் நுழைந்து பல்லிளிப்பதோ?" என்று கடிந்துரைப்பர் மற்றொரு சாரார். இருசாராருக்கும் விடை கூறியாக வேண்டும். அந்த விடையை வெறும் வாதத்திலே தேடாமல், ஓர் ஊரிலே தேடுவோம். அந்த ஊரின் கல்லிலே தேடுவோம். கல்லுக்கடியிலே புதைந்து கிடக்கும் கதையிலே தேடுவோம்.

இங்கிலாந்தின் கீழ்ப்புறத்தில், சமவெளி நடுவே எழுந்து நிற்கிறது ஒரு குன்று. குன்றின் உச்சியில், நெடுந்தொலைவிலேயே கண்ணைக் கவரும் மூன்று கோபுரங்கள். அவற்றின் காலடியில் பழமை கமழும் ஒரு நகரம். லிங்கன் என்பது அதன் பெயர். ரோமர் ஆண்ட நாளில் லிண்டம் கொலோனியா என்று வழங்கிய ஊர். அவர்கள் எழுப்பிய கல் வாயிலின் கீழே இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. கீழூரிலிருந்து மேலூருக்கு ஏறும் தெருவுக்கு 'ஸ்டீப் ஹில்' என்று பெயர். 'செங்குத்துக் குன்று' என்பது பொருள். பெயருக்கேற்ற தெருதான்! ஏறுவோரின் மூச்சு வாங்கும், முழங்கால் நோகும். ஏறி முடித்ததும் எதிரே பேராலயம்.

ஏறி வருவோர் யார்? பக்தர் சிலர், படம் பிடிப்போர் பலர். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலே, இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறித்தவர் என்று எழுதிக்கொண்டோர் நூற்றுக்கு 46.2 பேர். மதம் இல்லை என்று எழுதிக்கொண்டோர் நூற்றுக்கு 37.2 பேர். தொழுவோர் தொகை குறைகிறது. பார்ப்போர் கூட்டம் குறையவில்லை. ஆலயமும் அதை அறிந்தே இருக்கிறது. வழிபட வருவோரிடம் காசு கேட்பதில்லை. பார்க்க வருவோரிடம் நுழைவுக் கட்டணம் பெறுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம் இடமளிக்க மறுத்த ஒரு திரைப்படத்துக்கு, 'டா வின்சி கோடு' என்ற படத்துக்கு, 2005இல் லிங்கன் ஆலயம் தன் கதவைத் திறந்துவிட்டது. வெஸ்ட்மின்ஸ்டராக வேடம் புனைந்து நின்றது! ஆலயம் கலைக்கூடமாகிறது, காட்சிக்கூடமாகிறது, படப்பிடிப்புக் கூடமாகிறது. காலம் செய்யும் வேலை இது.

எனவே, நம் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. நம்பிக்கை விலகிய பிறகு, நம்பிக்கை எழுப்பிய மாளிகையை என்ன செய்வது? வியப்பதா? வெறுப்பதா? விளங்கிக்கொள்வதா?

*

முதலில், வியக்கத்தக்கதை வியப்போம். அதிலே நமக்குக் கூச்சமில்லை.

நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியம், 1068இல் இந்தக் குன்றின் மீது கோட்டை கட்டினான். கோட்டைக்காக 166 வீடுகள் அழிந்தன என்று 1086இல் அவனே எடுக்கச் செய்த நிலக்கணக்கு எழுதி வைத்திருக்கிறது. கோட்டைக்கு எதிரே கோயில். வாளுக்கு எதிரே வேதம்; எதிரே என்றால் எதிர்த்து அல்ல, துணையாக! 1072இல் ரெமிஜியஸ் என்னும் நார்மன் பிஷப்பின் தலைமையிடம் இங்கே மாற்றப்பட்டது. ஹம்பர் ஆற்றிலிருந்து தேம்ஸ் ஆறு வரை பரந்து கிடந்த ஆட்சிப் பகுதி அவனுடையது. 1092இல் ஆலயம் திறப்பு விழாக் கண்டது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக ரெமிஜியஸ் கண்ணை மூடினான்.

பின்னர் தீ வந்தது. 1185இல் நிலநடுக்கம் வந்தது. ஆலயம் பிளந்தது. 1192இல் பிஷப் ஹியூ மீண்டும் கட்டத் தொடங்கினார். 13ஆம் நூற்றாண்டில் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது, திரும்பவும் எழுப்பினர். 1311 அளவில் அதன் மேல் மரத்தாலான கூர்முடி ஒன்றைப் பொருத்தி, ஈயத்தகடு போர்த்தினர். அதன் உயரம் 525 அடி என்று மரபாகக் கூறுவர். அது சரியானால், எகிப்தின் பெரிய பிரமிடையும் விஞ்சி, உலகிலேயே உயர்ந்த கட்டடமாக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறது. 1548இல் அது சாய்ந்தது.

ஏன் சாய்ந்தது? எட்டு ஆண்டு முன்பு, 1540இல், எட்டாம் ஹென்றியின் ஆட்கள் இந்த ஆலயத்திலிருந்த புனிதர் சமாதிகளைக் கலைத்து, 2,621 அவுன்சு பொன்னையும் 4,285 அவுன்சு வெள்ளியையும் வாரிக்கொண்டு போயினர். ஆகவே, தெய்வ கோபம் என்று கதை கட்ட ஏற்ற தருணந்தான். ஆனால், தெய்வம் கோபித்திருந்தால் கொள்ளையடித்த அரசனின் அரண்மனை அல்லவா சாய்ந்திருக்க வேண்டும்? கொள்ளை கொடுத்த கோபுரம் ஏன் சாய வேண்டும்? மரம் மூப்படையும், காற்று வீசும், மூப்படைந்த மரம் காற்றுக்குச் சாயும். அவ்வளவுதான். திரும்பக் கட்டப் பணமில்லை, எனவே கட்டவில்லை. உலகம் நின்றுவிடவும் இல்லை.

இவ்வளவையும் கட்டியவர் யார்? "ஹியூ கட்டினார்" என்கிறது வழிகாட்டி நூல். அவர் தாமே தோளில் கல் சுமந்தார் என்றும் அவருடைய வரலாறு புகழ்கிறது. சுமந்திருக்கலாம், மறுக்கவில்லை. பிஷப் ஒருநாள் சுமந்தது வரலாறாயிற்று. பெயர் தெரியாத ஆயிரம் பேர் ஆயுள் முழுதும் சுமந்தது? சுண்ணாம்புக் கல்லை வெட்டியவன், வண்டியில் ஏற்றியவன், சாரத்திலே தொற்றி நின்று வளைவுக் கல்லைப் பொருத்தியவன், தவறி விழுந்து மாண்டவன் — அவன் பெயர் எங்கே? இலையும் கொடியும் தேவதையுமாகக் கல்லைக் குழைத்த அந்தக் கை, சொர்க்கத்தை நம்பியிருக்கலாம். ஆனால் உளியைப் பிடித்தது நம்பிக்கையன்று, பயிற்சி. கூரையின் பாரத்தைத் தாங்குவது மந்திரமன்று, கணக்கு. எந்த வளைவு எந்தப் பாரத்தைத் தாங்கும் என்பதை அவன் இடிந்து விழுந்த கோபுரங்களிடமிருந்து கற்றான். தவறினான், திருத்தினான், வென்றான். அதற்கு என்ன பெயர், தோழர்களே? அதற்குப் பெயர்தானே அறிவு!

ஆகவே அந்த அழகைக் கண்டு மகிழ நமக்கு முழு உரிமையுண்டு. அது உழைப்பாளியின் சொத்து; எனவே மனித குலத்தின் சொத்து.

*

ஆனால், பயணி பார்க்கத் தவறும் ஒன்று இருக்கிறது.

தேவதைகள் சிறகு விரிக்கும் மண்டபத்துக்கு நாள் முழுதும் கூட்டம். அங்கே தூணின் மேலே குந்தியிருக்கும் குட்டிச் சாத்தானின் சிலைக்கோ தனி மவுசு. சேட்டை செய்த சாத்தானை ஒரு தேவதை கல்லாக்கிவிட்டதாம்! அஷர் என்ற நகை வணிகர் அந்த உருவத்தைப் பொறித்து நகை விற்று, பெரும் பொருள் ஈட்டினார். தம் கலைச் செல்வத்தையும் பணத்தையும் நகருக்கே எழுதி வைத்தார். அவர் பெயரால் 1927இல் ஒரு கலைக்கூடம் எழுந்தது. சாத்தானை நம்பியவர் எவருக்கும் அவன் பயன்படவில்லை, விற்றவருக்குப் பயன்பட்டான். இது தீங்கில்லாத கதை. சிரித்துவிட்டு நகரலாம்.

சிரிக்க முடியாத கதை, தெற்கு ஒதுக்கு வழியிலே இருக்கிறது. மேற்கட்டு சிதைந்து, அடிப்பீடம் மட்டும் எஞ்சிய ஒரு சிறு சமாதி. அதனுள் ஒரு சிறுவன். அவன் பெயரும் ஹியூ.

1255ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் இறுதியில், லிங்கன் நகரில் எட்டு ஒன்பது வயதுள்ள அந்தச் சிறுவன் காணாமற்போனான். ஒரு திங்கள் கழித்து ஒரு கிணற்றிலே அவன் பிணம் கிடந்தது. எப்படி இறந்தான்? தவறி விழுந்தானா? எவனாவது கொன்றானா? யாரும் ஆராயவில்லை. ஆராயத் தேவையே இல்லாதபடி விடை முன்பே தயாராக இருந்தது. யூதர்கள்!

"கிறித்தவச் சிறுவரைக் கடத்தி, ஏசுவைக் கொன்றது போலவே சிலுவையில் அறைந்து கொல்வது யூதர் வழக்கம்" என்ற பழி, 1144இல் நார்விச் நகரில் வில்லியம் என்ற சிறுவன் இறந்தபோது கிளம்பியது. நாவிலிருந்து நாவுக்குத் தாவியது. ஊரிலிருந்து ஊருக்குப் பரவியது. நூறாண்டில் நாடெங்கும் வேரூன்றிவிட்டது.

கோப்பின் என்ற யூதன் பிடிபட்டான். அவனை விசாரித்தவர் அரசனின் அலுவலரான ஜான் லெக்சிங்டன். அவருடைய உடன்பிறந்தவர்தான் அப்போது லிங்கனின் பிஷப். "ஒப்புக்கொள், உயிர் தப்பலாம்" என்று வாக்களிக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சியவன் ஒப்புக்கொண்டான். யூதர் அனைவரும் கூடிச் செய்தது என்றும் கூறினான். மூன்றாம் ஹென்றி அரசன் நேரிலே வந்தான். வாக்குறுதியைக் காலில் மிதித்தான். கோப்பினைக் குதிரையில் கட்டித் தெருவிலே இழுத்துச் சென்று தூக்கிலிட்டனர். ஏறத்தாழ 90 யூதர்களைச் சிறைப்பிடித்து இலண்டனுக்குக் கொண்டு சென்றனர். கிறித்தவர் மட்டுமே அடங்கிய நடுவர் குழுவின் தீர்ப்புக்கு உட்பட மறுத்த 18 பேர் கயிற்றிலே தொங்கினர். எஞ்சியோர் பின்னர் விடுவிக்கப்பட்டனர்.

சற்றே எண்ணிப் பாருங்கள். அனைவரும் கூடிச் செய்த குற்றம் என்பது உண்மையானால், எஞ்சியோரை விடுவித்தது ஏன்? விடுவித்தது நேர்மையானால், 18 பேரைக் கொன்றது ஏன்? பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். கால் இல்லாத பொய்யைத் தோளிலே தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். தூக்கிச் சென்றவர் யார்? அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன?

அரசனுக்குப் பணமுடை. அந்த ஆண்டுதான் அவன் தன் நாட்டு யூதர்களிடம் வரி தண்டும் உரிமையையே தன் தம்பி ரிச்சர்டிடம் அடகு வைத்திருந்தான். ஆனால் தூக்கிலிடப்பட்டவனின் சொத்து அடகுக்காரனுக்குப் போகாது; அரசனுக்கே சேரும். பேராலயத்துக்கோ புகழ் முடை. காண்டர்பரியிலே 1170இல் வெட்டுண்டு மாண்ட பெக்கெட்டின் சமாதிக்கு யாத்திரிகர் திரள்வதையும் காணிக்கை குவிவதையும் நாடே கண்டது. லிங்கனிலும் 1256இல் தேவதை மண்டபம் எழத் தொடங்கியது. சிறுவனின் உடல் ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது. அவன் 'புனித'ச் சிறுவனானான்.

"அறியாமை நிறைந்த காலம், அவர்களுக்கு உண்மை தெரியாது" என்று இரக்கத்தோடு கூறுவோர் உண்டு. தெரியாதா? எட்டாண்டு முன்னரே, 1247இல், போப் நான்காம் இன்னசென்ட் இந்தப் பழியைக் கண்டித்து எழுதியிருந்தார். யூதரின் பொருளைப் பறிக்கவே இந்தப் பொய் புனையப்படுகிறது என்பதை உலகிலேயே பெரிய கிறித்தவத் தலைவர் கூறிவிட்டார். சிறுவன் ஹியூவைப் புனிதரென்று எந்தப் போப்பும் அறிவித்ததில்லை. ஆக, உண்மை எட்டாத இடத்தில் இல்லை. உண்மையைவிடப் பொய் இலாபமாக இருந்தது, அவ்வளவே!

இன்னொன்றும் கேளுங்கள். இதே ஆலயத்தைக் கட்டத் தொடங்கிய பிஷப் ஹியூ, வெறிகொண்ட கும்பல் யூதரைத் தாக்க வந்தபோது குறுக்கே நின்று தடுத்தவர். 1200இல் அவர் இறந்தபோது யூதர்களும் அழுது பின்சென்றனர் என்று எழுதி வைத்திருக்கின்றனர். மத நம்பிக்கை ஆழமாக உடையவர்தான் அவர். ஆனால் மனிதனை மனிதனாகக் கண்டார். அவர் பெயரைத் தாங்கிய சிறுவனின் பிணத்தை வைத்து, அவர் காத்த மக்களையே 55 ஆண்டுக்குள் வேட்டையாடினர். நல்லவர் ஒருவர் இருந்தார் என்பது போதாது, தோழர்களே! நல்லவர் மறைந்த பின்னும் நிற்கக்கூடிய நீதி வேண்டும்.

*

நீதி என்றதும் நினைவுக்கு வருகிறது, பேராலயத்துக்கு எதிரே உள்ள கோட்டை.

அங்கே பயணிகள் பயபக்தியோடு எட்டிப் பார்க்கும் ஒரு தோல் ஏடு இருக்கிறது. மாக்னா கார்ட்டா! 1215இல் ஜான் அரசன் முத்திரையிட்ட உரிமைச் சாசனம். அந்த ஆண்டுப் படிகளில் உலகில் எஞ்சியவை நான்கே. அவற்றுள் ஒன்று லிங்கன் ஆலயத்தின் உடைமை. சட்டப்படியான தீர்ப்பின்றி எந்தச் சுதந்திர மனிதனும் சிறைப்படக் கூடாது, உடைமை இழக்கக் கூடாது என்று முழங்குகிறது அந்த ஏடு. அது எழுதப்பட்டுச் சரியாக நாற்பது ஆண்டு கழித்துத்தான் கோப்பின் தெருவிலே இழுபட்டான்! ஏன் சாசனம் அவனைக் காக்கவில்லை? சாசனம் சொன்னது 'சுதந்திர மனிதன்' என்று. யூதன் அரசனின் உடைமை. நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவன் பிரபுவின் உடைமை. உடைமைக்கு ஏது உரிமை?

அச்சாசனம் பிறக்க அரும்பாடுபட்டவர் ஆர்ச்பிஷப் ஸ்டீபன் லாங்டன், லிங்கன் வட்டாரத்துக்காரர். அவரே 1222இல் ஆக்ஸ்போர்டில் சபை கூட்டி, யூதர் அடையாளச் சின்னம் அணியவேண்டும் என்றும், கிறித்தவரோடு கலந்து பழகக் கூடாது என்றும் விதித்தவர். ஒரு கையால் விடுதலைச் சாசனம். மறு கையால் தீண்டாமைச் சட்டம்! 1290இல் முதலாம் எட்வர்டு அரசன் யூதரனைவரையும் நாட்டைவிட்டே துரத்தினான். 17ஆம் நூற்றாண்டில் கிராம்வெல் காலம் வரை அவர்கள் அங்கே வெளிப்படையாகத் திரும்ப முடியவில்லை. செங்குத்துத் தெருவிலே 12ஆம் நூற்றாண்டில் எழுந்த கல்வீடு இன்றும் நிற்கிறது. 'யூதர் வீடு' என்று பெயர். வீடு தங்கிற்று, வீட்டுக்காரர் தங்கவில்லை.

அதே கோட்டைக்குள், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறையொன்றும் உண்டு. அதன் வழிபாட்டுக் கூடத்தைக் காணத் தவறாதீர்கள். கைதி ஒவ்வொருவனுக்கும் ஆளுயர மரக்கூண்டு. பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க முடியாது; பின்னால் இருப்பவனைப் பார்க்க முடியாது. மேடைமீது நிற்கும் போதகர் ஒருவரைத்தான் பார்க்க முடியும். கூட்டமாக அமர்ந்திருந்தும் ஒவ்வொருவனும் தனியன்! அந்தக் கூடம் ஒரு சிறைக்கு மட்டுமா பொருந்தும்? பக்கத்து மனிதனின் முகத்தைக் காணவொட்டாமல் தடுத்து, மேடையிலிருப்பவன் முகத்தை மட்டும் காணச் செய்வதுதானே எல்லா மதவெறிக்கும் கட்டட முறை! யூதனின் முகத்தை அண்டைவீட்டான் பார்த்திருந்தால், தன்னைப்போலவே பிள்ளை பெற்றவன் என்று எண்ணியிருந்தால், கிணற்றிலே கிடந்த பிணத்துக்கு இத்தனை பிணங்கள் துணை போயிருக்குமா?

*

பொய் அங்கேயே முடிந்ததா? இல்லை. கவிஞன் பாடினான், பாணன் பரப்பினான். ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் சாசரே, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், தன் கதை மாந்தர் ஒருத்தியின் வாயிலாக ஹியூவை நினைவு கூர்ந்தான். நாட்டுப் பாடல்கள் கடல் கடந்து அமெரிக்கா வரை சென்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, 'யூதர் மன்றம்' எனப்படும் பழைய வீட்டில் ஒரு கிணற்றைக் காட்டி, "இதுதான் அந்தக் கிணறு" என்று பயணிகளுக்குக் கதை சொன்னார்கள். எத்தனை பேர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டனரோ! பிறகு, 1928இல், உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் உண்மையைச் சொன்னார்: கூலி வாங்கிக்கொண்டு அந்தக் கிணற்றை அமைத்தவரே தாம்தான் என்று! பயணிகளை ஈர்ப்பதற்காக அமைத்த போலிக் கிணறு அது. பக்தனை ஏய்த்தது பழைய பொய். பயணியை ஏய்த்தது புதிய பொய். யாத்திரிகன் காணிக்கை தந்தான்; பயணி கட்டணம் தந்தான். இருவருமே கேள்வி கேட்கவில்லை.

வேடிக்கை என்று விட்டுவிடலாமா? 1934 மே திங்களில் ஜெர்மனியில், இட்லர் கட்சிக்காரன் ஸ்டிரைக்கரின் ஏடு, இதே நரபலிப் பழிக்கென்று தனி இதழே வெளியிட்டது. பழங்கதைகளையெல்லாம் தோண்டியெடுத்துப் புதிய நஞ்சாக்கியது. அதன் பின் நடந்ததை உலகம் அறியும். அறுபது இலட்சம் யூதர் அழிந்தனர். சமாதியிலே உறங்கியதாகத் தோன்றிய பொய், உறங்கவே இல்லை.

1955இல், சரியாக 700 ஆண்டு கழித்து, லிங்கன் ஆலயம் அந்தச் சிறு சமாதியின் அருகே ஓர் அறிவிப்புப் பலகை வைத்தது. யூதர் மீது சுமத்திய கொலைப் பழிகள் கட்டுக்கதை என்றும், அவற்றால் குற்றமற்றோர் பலர் உயிரிழந்தனர் என்றும், இக்கதைகள் கிறித்தவ உலகுக்குப் பெருமை தருவன அல்ல என்றும் அது கூறியது, மன்னிப்பும் வேண்டியது. 2022 மே திங்களில் ஆக்ஸ்போர்டு பேராலயத்தில், 1222ஆம் ஆண்டுச் சட்டங்களுக்காக வருத்தம் தெரிவிக்கும் வழிபாடு நடந்தது. 800 ஆண்டு கழித்து!

சமாதியை இடித்துவிடவில்லை; கவனியுங்கள். பொய்யை அழகுபடுத்தி வைக்கவுமில்லை. கல்லை அப்படியே விட்டு, பக்கத்திலே உண்மையை எழுதி வைத்தார்கள். நாம் தேடி வந்த விடை அந்தப் பலகையிலேதான் இருக்கிறது.

*

ஆனால் தடை எழுப்புவோர் உண்டே! அவர்களையும் கேட்போம்.

"எழுநூறு ஆண்டுக்கு முன் யாரோ செய்த தவற்றுக்கு இன்றிருப்பவன் ஏன் வருந்த வேண்டும்? கொன்றவனும் இல்லை, கொல்லப்பட்டவனும் இல்லை. மன்னிப்பைக் கேட்பவன் யார், கொடுப்பவன் யார்?"

வலுவான கேள்விதான். ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைத் தண்டிப்பது அநீதி. ஒரு சிறுவனின் சாவுக்கு ஓர் இனத்தையே தண்டித்ததைத்தானே இவ்வளவு நேரம் கண்டித்தோம்! இன்றைய லிங்கன் மக்கள் எவரும் குற்றவாளிகள் அல்லர். ஆனால் குற்றவாளி என்பது வேறு. வாரிசு என்பது வேறு. தந்தை விட்டுச் சென்ற வீட்டை எடுத்துக்கொள்பவன், தந்தை விட்டுச் சென்ற கடனை "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியுமா? கோபுரத்தைக் காட்டி "எங்கள் முன்னோர் கட்டியது" என்று மார்தட்டுபவன், கயிற்றைக் காட்டினால் மட்டும் "அவர்கள் யாரோ, நான் யாரோ" என்று கைவிரிக்கலாமா? பெருமை வேண்டுமென்றால் பொறுப்பும் வேண்டும். பொறுப்பு வேண்டாமென்றால் பெருமையையும் விட்டுவிடு. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்பவன் வாரிசல்லன், வரலாற்றைத் திருடுபவன்!

"அப்படியானால் அந்தச் சமாதியை உடைத்தெறிய வேண்டியதுதானே?" என்று சீறுவார் மறுசாரார். உடைத்தால் யாருக்கு நன்மை? பொய் சொன்னவனின் சாட்சியம் அழியும். நாளைக்கு ஒருவன் வந்து, "அப்படியொன்று நடக்கவே இல்லை, எம் முன்னோர் உத்தமர்" என்று கூறுவான். மறுத்துக்காட்டக் கல் இருக்காது. 1791இல் அந்தச் சமாதியைத் திறந்தபோது ஒரு குழந்தையின் எலும்புக்கூடு இருந்தது. அவனும் நம் இரக்கத்துக்கு உரியவன்தானே! பொய் அவனையும் விட்டு வைக்கவில்லை. அவன் எப்படி இறந்தான் என்ற உண்மையை என்றென்றைக்குமாகப் புதைத்துவிட்டது. கல்லை உடைப்பது எளிது. கல்லைப் பேச வைப்பது கடினம். கடினமானதைச் செய்வதே பகுத்தறிவு.

"பலகை வைத்துவிட்டால் பாவம் தீர்ந்ததா?" என்று மூன்றாமவர் கேட்பார். தீரவில்லை. மாண்ட 19 பேரும் மீளவில்லை. பலகை பரிகாரமன்று, பாடம். பயன் இறந்தவர்க்கு அன்று, இனிமேல் இறக்கக் கூடாதவர்க்கு. எழுநூறு ஆண்டு தாமதம் என்பது வெட்கக்கேடு. ஆனால் எழுநூறு ஆண்டு கழித்தேனும் தன் வீட்டுக்குள்ளேயே, தன் கட்டணம் செலுத்துவோர் கண் முன்பே, "நாங்கள் பரப்பியது பொய்" என்று ஒரு மத நிறுவனம் எழுதி வைத்ததே, அதைப் பாராட்டத் தயங்கினால் நாம் நேர்மையானவர் ஆகமாட்டோம்.

*

அறிவு எங்கிருந்து வரும் என்று யாரால் சொல்ல முடியும்? இதே ஆலயத்திலே அடங்கியிருக்கிறார் பிஷப் ராபர்ட் கிரோசெட்டெஸ்ட். ஒளியைப் பற்றியும் வானவில்லைப் பற்றியும் எழுதியவர். இயற்கையை அறியக் கணக்கு வேண்டும் என்று வற்புறுத்தியவர். தம் உறவினருக்கு லிங்கனில் பதவி தருமாறு போப் ஆணையிட்டபோது, 1253இல், "முடியாது" என்று மறுத்த துணிவாளர். அவரே யூதரிடத்தில் கடுமை காட்டியவரும்கூட! வானவில்லின் வண்ணங்களைப் பிரித்தறிந்த கண், பக்கத்துத் தெரு மனிதனைச் சரியாகப் பார்க்கவில்லை. கல்வி மட்டும் போதாது. அறிவு மனிதத்தைத் தொட வேண்டும் என்பதற்கு அவரே சான்று.

இந்நகரில் 1815இல் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தான் ஜார்ஜ் பூல். பல்கலைக்கழகத்தின் படியேறிப் பயின்றவன் அல்லன். பதினாறு வயதில் குடும்பத்தைக் காக்க ஆசிரியனானான். தானே மொழிகள் கற்றான். தானே கணிதம் கற்றான். பத்தொன்பது வயதில் சொந்தப் பள்ளி திறந்தான். கடை ஊழியரின் வேலை நேரத்தைக் குறைக்கப் பாடுபட்ட சங்கத்தின் மேடையிலே, 1847இல், ஓய்வை நல்வழியில் பயன்படுத்துவது பற்றி உரையாற்றினான். பின்னர் அயர்லாந்தில் பேராசிரியரானான். 1854இல் சிந்தனையின் விதிகளைக் கணக்காக்கி ஒரு நூல் எழுதினான். 'உண்டு, இல்லை' என்ற இரண்டை வைத்து அவன் அமைத்த அந்தக் கணக்கின் மீதுதான் இன்றைய கணிப்பொறிகள் அனைத்தும் இயங்குகின்றன. பூல் நாத்திகன் அல்லன். அவனை நம் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. ஆலயத்தில் அவன் நினைவாக ஒரு வண்ணச் சாளரம் இருக்கிறது. ஆனால் 'இது உண்மையா, பொய்யா' என்று பகுத்தறியும் வழியை ஒழுங்காக்கித் தந்த அந்தத் தொழிலாளி மகனின் சாளரமும், உண்மையா பொய்யா என்று கேட்காமல் 19 பேரைக் கொன்றதன் சமாதியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவனே அந்த ஆலயத்தைப் பார்த்தவன்.

தோழர்களே! பழம்பெரும் நகரம் எதற்கும் செல்லுங்கள், தயங்காதீர்கள். கோபுரம் கண்டு அஞ்சுவது பக்தனின் வழக்கம். அழிக்க எண்ணுவது முரடனின் வழக்கம். படம் பிடித்துக்கொண்டு பறப்பது பயணியின் வழக்கம். நாம் மூன்று கேள்விகளைக் கையில் எடுத்துச் செல்வோம். இதைக் கட்டிய கைகள் எவை, அவற்றின் பெயர் எங்கே? இதைக் காட்டிப் பொருள் ஈட்டியவர் யார்? இங்கிருந்து துரத்தப்பட்டவர் யார்? இம்மூன்றையும் கேட்டால், ஊமைக் கல்லும் வாய் திறக்கும்.

அப்படிக் கேட்பவன் அழகை இழப்பதில்லை. உழைத்தவனின் வியர்வை தெரியும்போது தூணின் அழகு கூடுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. கிணற்றுப் பொய்யைப் பரப்பியவர் பலரும் கொடியவர் அல்லர். குழந்தையைப் பறிகொடுத்த ஊரார், கண்ணீரோடு கேட்டவர், கேட்டதைப் பிறருக்குச் சொன்னவர். இன்றும் ஒரு வதந்தி, கையிலிருக்கும் கருவியின் வழியே நொடியில் நாடு சுற்றுகிறது. எங்கோ ஒருவனை அடித்துக் கொல்கிறது. அதை அடுத்தவனுக்கு அனுப்புமுன், "உண்மையா? யார் கண்டது? யாருக்கு ஆதாயம்?" என்று ஒருகணம் நின்று கேட்காதவன், தன்னைப் பகுத்தறிவாளன் என்று அழைத்துக்கொண்டாலும், 1255இல் லிங்கன் தெருவிலே கூச்சலிட்ட கும்பலில் ஒருவனே.

பலகை எழுத எழுநூறு ஆண்டு ஆயிற்று. நாம் பொய்யைப் பிறந்த அன்றே எதிர்ப்போம். பிறகு பலகைக்கே தேவை இராது.